நாளைக்குப் பொரித்த குஞ்சுகள்

எங்கள் அலுவலகச் சுவரில் ஓர் உலக வரைபடம் தொங்குகிறது. அதைவிடப் பெரிய எதிரி எனக்கு இந்த உலகத்தில் கிடையாது.

விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை. ஆட்கள் ஏறுகிற பக்கம் கண்ணாடிச் சுவரும் காபிக் கடையும் இருக்கும். எங்கள் பக்கம் தகரக் கூரை, எடை மேடை, தள்ளுவண்டி, பசை காயாத சீட்டுகள். ஒரு பெட்டி இங்கிருந்து இன்னோர் ஊருக்குப் போக எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், வழியில் எங்கே இறங்கி எந்த விமானம் மாற வேண்டும் என்று பார்த்துப் பதிவு செய்வதுதான் என் பிழைப்பு. பதினெட்டு வருஷமாகிறது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வேன்.

எங்கள் மேலாளருக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்திருக்கிறோம். அது அவருக்கும் தெரியும். யாராவது தூரம் கேட்டால் கணினிப் பக்கம் திரும்பவே மாட்டார். மேசை இழுப்பறையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு நேராக அந்த வரைபடத்துக்குப் போய்விடுவார். அளந்து, மனசுக்குள் பெருக்கி, ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண் எப்போதும் தப்பு. தட்டையான காகிதத்தில் உருண்டையை அளந்தால் வேறு என்ன வரும்? ஆனால் மனிதர் தங்கம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்கே வந்து நிற்பார். அதனால்தான் சண்டையும் போட்டு, கூடவே வேலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா கோழிப்பண்ணை வைத்திருக்கிறாள். இரண்டு பெரிய கொட்டகை. இரண்டு வருஷம் முன்னால் ஒரு நோய் வந்து மொத்தத்தையும் துடைத்துக்கொண்டு போனது. அவள் வளர்க்கிற இனத்தின் தாய்க்கோழிக் குஞ்சு உலகத்தில் ஒரே ஒரு பொரிப்பகத்தில்தான் கிடைக்கும். அது எங்கே இருக்கிறது என்றால், எங்கள் வீட்டுத் தரையில் துளை போட்டு அப்படியே கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கே வெளியே வருவோமோ, ஏறக்குறைய அங்கே. முட்டையாக வரவழைக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். சட்டம் குஞ்சுக்குத்தான் இடம் கொடுக்கிறது.

குஞ்சு முட்டையை விட்டு வரும்போது வயிற்றில் கொஞ்சம் மஞ்சள் கருவை வைத்துக்கொண்டுதான் வரும். அந்தக் கட்டுச்சோற்றில் தீனியும் தண்ணீரும் இல்லாமல் எழுபத்திரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் தாங்காது. ஆகவே எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் குஞ்சு அக்காவின் கொட்டகைக்கு வந்து வாயை நனைக்க வேண்டும்.

போன வருஷம் மூவாயிரம் குஞ்சுகளை வரவழைத்தோம். எல்லோரும் அனுப்புகிற மேற்கு வழி. காகிதக் கணக்கில் எழுபத்தொரு மணி நேரம். நடுவில் ஓர் ஊரில் மாற்று விமானத்துக்காக முப்பத்தொரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த விமானமும் தாமதமாகி, கடைசியில் பெட்டியைத் திறந்தபோது எழுபத்தொன்பது. இரண்டாயிரத்து நூறு குஞ்சுகள் செத்துப்போயிருந்தன. மீதி அடுத்த இரண்டு நாளில் போயின. அக்கா அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வைத்தாள். அந்த வழியைப் பதிவு செய்தவள் நான். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் பொரிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்புவார்களாம். இந்தத் தடவையும் செத்தால், தங்கள் குஞ்சை இவ்வளவு தூரம் அனுப்பிக் கொல்ல இஷ்டமில்லை, இனிமேல் கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். நியாயம்தான். ஆனால் அக்காவுக்குப் பண்ணை அதோடு முடிந்தது என்று அர்த்தம்.

நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கால அட்டவணைகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு விமான நிலையமும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கம். மேற்கே போனாலும் கிழக்கே போனாலும் தூரம் சுமார் இருபதாயிரம் கிலோமீட்டர்தான். தூரம் ஒன்று என்றால் நேரமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. விமானம் பறக்கிற உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். கிழக்கே போனால் அது முதுகில் கை வைத்துத் தள்ளும். மேற்கே போனால் மூஞ்சியில் அடிக்கும். அது போக, கிழக்கு வழியில் தினமும் விமானம் இருந்தது, காத்திருப்பு குறைவு. கூட்டிப் பார்த்தேன். கொட்டகை வரைக்கும் நாற்பத்தெட்டு மணி நேரம். தப்பாகக் கூட்டியிருப்பேன் என்று மூன்று தடவை கூட்டினேன். நாற்பத்தெட்டேதான்.

மறுநாள் ஸ்கேலிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வரைபடத்துக்குப் போனார். பொரிப்பகம் இருக்கிற ஊர் வலது ஓரத்தில், விளிம்பை ஒட்டி இருந்தது.

"கிழக்குன்னா இந்தப் பக்கம்தானேம்மா? இங்க வரைபடமே முடிஞ்சிடுச்சே. இதுக்கு மேல எங்க போறது, பக்கத்து ரூமுக்கா?"

"சார், வரைபடம்தான் முடிஞ்சிருக்கு. உலகம் முடியல."

"பதினெட்டு வருஷத்துல யாராவது அந்தப் பக்கமா அனுப்பியிருக்காங்களா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. நாற்காலியில் ஏறி வரைபடத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். குழாய் மாதிரிச் சுருட்டி, வலது ஓரத்தையும் இடது ஓரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இப்பச் சொல்லுங்க. எங்க சார் முடியுது?"

ஸ்கேல் அந்தக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கேலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அது வளைய மாட்டேன் என்றது. "சரி, உன் இஷ்டம். கவுந்துச்சுன்னா என்கிட்ட வந்து அழக்கூடாது" என்று கையெழுத்துப் போட்டார்.

குஞ்சுகள் அங்கே வியாழக்கிழமை அதிகாலை ஒரு மணிக்குப் பொரிந்தன. அந்த ஊர் எங்களைவிடச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால். கடிகார முள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நிற்கும். அங்கே இருட்டு, இங்கே வெயில். எங்களுக்கு அது புதன்கிழமை மதியம் ஒரு மணி. முப்பது பெட்டி, பெட்டிக்கு நூறு. அங்கே காலை எட்டு மணி விமானத்தில் ஏறி, எட்டரை மணி நேரம் கடலுக்கு மேல் பறந்து, நடுக்கடலில் ஒரு தீவில் இறங்கின. அங்கே இன்னொரு விமானம் மாற வேண்டும். அதில் ஏற்றுவதற்கு எங்கள் ஊர்க் கால்நடைப் பரிசோதனை அலுவலகத்தின் அனுமதி எண் வேண்டும். குஞ்சு பொரிந்த நேரமும் முதலில் இறங்கிய நேரமும் தெரிந்த பிறகுதான் அந்த எண்ணைத் தருவார்கள். எங்கள் கடிகாரத்தில் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குள் எண் போய்ச் சேரவில்லை என்றால் பெட்டிகளை ஒதுக்கி வைத்துவிட்டு விமானம் போய்விடும். அடுத்தது மறுநாள்தான். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்றைக்கு ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன்.

பரிசோதனை அதிகாரி டாக்டரம்மா கண்டிப்பானவர். எழுத்துக்கு எழுத்து படிப்பார். அன்றைக்கும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"பொரிச்சது வியாழக்கிழமை அதிகாலை. தீவுல இறங்கினது புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. சரியாத்தான் எழுதியிருக்கீங்களா?"

"சரியாத்தான் எழுதியிருக்கேன் டாக்டர். நடுக்கடல்ல ஒரு கோடு இருக்கு. அதைக் கிழக்கே தாண்டினா தேதி ஒரு நாள் பின்னால போயிடும். அந்தத் தீவுல இந்த நிமிஷம்கூடப் புதன்கிழமைதான்."

"அப்ப இந்தக் குஞ்சுங்க இன்னும் பொரிக்கவே இல்ல."

"டாக்டர்?"

"அங்க புதன்கிழமைன்னா வியாழக்கிழமை நாளைக்குத்தானே? நாளைக்குப் பொரிக்கப் போற குஞ்சுக்கு இன்னைக்கு நான் எப்படிம்மா அனுமதி குடுக்கறது?"

கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர், "பொரிச்ச கோழின்னா சாயங்காலம் கடையிலயே கிடைக்குமே மேடம்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாளையும் நேரத்தையும் கணினியில் அடித்துக் காட்டினார். இறங்கிய தேதி பொரித்த தேதிக்கு முன்னால் இருக்க முடியாது என்று திரை சிவப்பாகச் சொன்னது. இந்த வழியாக இதுவரை யாருமே எதையும் அனுப்பியதில்லை என்பதால் அந்தக் கணினிக்கும் இப்படி ஒரு கோடு இருப்பது தெரியாது.

"நம்ம ஊர் நேரத்துக்கு மாத்திப் போடுங்க டாக்டர். புதன் மதியம் ஒரு மணின்னு போட்டா எடுத்துக்கும்."

"சான்றிதழ்ல வியாழன்னு இருக்கு. நான் புதன்னு போட்டா அது பொய்க் கணக்கு. என்னை விசாரணையில கொண்டுபோய் நிறுத்திடுவாங்க."

அவர் சொன்னது தப்பே இல்லை. ஆனால் அப்போது மணி ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது. எனக்கு நாக்கில் சனி. "உலகம் உருண்டைன்னு உங்களுக்கு ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கலையா?" என்று கத்திவிட்டேன். டாக்டரம்மா காகிதங்களை நேராக அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு, "வெளிய உக்காருங்க" என்றார்.

வெளியே ஒரு நீள பெஞ்சு. அதில் உட்கார்ந்தேன். மேற்கு வழியிலேயே அனுப்பியிருந்தால் காகிதமாவது ஒழுங்காக இருந்திருக்கும். கெட்டிக்காரத்தனம் காட்டப் போய் அக்காவின் தலையில் இரண்டாவது தடவை கல்லைப் போடுகிறேனே! என்மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

பத்து மணிக்கு அக்கா கூப்பிட்டாள். எடுக்க மனசில்லை. எடுத்தேன்.

"குஞ்சுங்களுக்கு இப்ப எத்தனை வயசுடீ?"

"இருபத்தொரு மணி நேரம்க்கா."

"ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. அப்புறம் பேசறேன்."

வைத்த பிறகுதான் உறைத்தது. புதன் மதியத்திலிருந்து அக்கா ஏழெட்டுத் தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட அங்கே மணி என்ன, கிழமை என்ன என்று கேட்டதில்லை. பெற்றவள் கேட்கிற மாதிரி, எத்தனை வயசு என்றுதான் கேட்டாள். வயது எந்தக் கோட்டைத் தாண்டினாலும் பின்னால் போகாது!

சான்றிதழைத் திருப்பி, அதன் நகலின் முதுகில் எழுத ஆரம்பித்தேன். கிழமை இல்லை, தேதி இல்லை. பெட்டியில் அடைத்து விமானம் கிளம்பும்போது வயது ஏழு மணி நேரம். தீவில் இறங்கும்போது பதினைந்தரை. அங்கிருந்து கிளம்பும்போது இருபத்து மூன்று. வழியில் ஒரு தடவை இறங்கி ஏறி, நம் ஊரில் இறங்கும்போது நாற்பத்து நான்கு. கொட்டகையில் நாற்பத்தெட்டு. கதவைத் தட்டாமலேயே உள்ளே போனேன்.

"டாக்டர், முதல்ல மன்னிச்சிடுங்க. வாய் நீளம் எனக்கு. ரெண்டாவது, இதை மட்டும் ஒரு தடவை பாருங்க. குஞ்சுக்குக் கிழமை தெரியாது."

அவர் பார்த்தார். பேனாவை எடுத்து ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே வந்தார். மாட்டையும் கோழியையும் பார்த்துப் படித்து வந்தவருக்கு, தேதி புரிகிறதோ இல்லையோ, ஒரு நாள் குஞ்சின் வயது புரியாமல் போகுமா? கடைசி எண்ணில் பேனா நின்றது.

"நாற்பத்தெட்டா?"

"ஆமா டாக்டர். மேற்கு வழின்னா காகிதத்துலயே எழுபத்தொண்ணு."

"போன வருஷம் எழுபத்தொன்பது" என்றார் அவர். நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். "அந்தப் பெட்டிங்களைத் திறந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டது நான்தான்மா. ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல."

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. என்னோடு மல்லுக்கட்டியவர் இப்போது கணினியோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே எடுத்த ஆளும், "வியாழக்கிழமை பொரிச்சது புதன்கிழமை எப்படி மேடம்?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனில் சொன்னார்: "உலகம் உருண்டைன்னு உங்களுக்கு ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கலையா?"

எங்கள் ஊர் நேரத்தில் பதிவு செய்து, வயதுக் கணக்கைக் குறிப்பாகச் சேர்த்து, தன் பெயரில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடலாம் என்று அனுமதி வாங்கினார். திரை பச்சையானபோது மணி பத்து ஐம்பத்திரண்டு.

நான் ஸ்கேலைக் கூப்பிட்டேன். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. எங்கள் அலுவலகத் தொலைபேசிக்கு அடித்தேன். எடை மேடைக்காரர் எடுத்து ஸ்கேலின் கையில் கொடுத்தார். எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் இன்னொரு காதில் வைத்திருந்த போனில் அதை உரக்கத் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகுதான் தெரிந்தது. பத்தரை மணிக்குத் தீவில் இருக்கும் ஆள், பெட்டிகளை ஒதுக்கி வைக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஸ்கேல் அவரைப் போனை வைக்கவே விடவில்லை. அந்த ஊர் வானிலையைக் கேட்டிருக்கிறார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார், தனக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்த கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டே நின்றதில் பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"ஏத்தியாச்சும்மா" என்றார் ஸ்கேல். "முப்பது பெட்டியும். ஒண்ணொண்ணா எண்ணச் சொன்னேன்."

நான் பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். உதவியாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வர வேண்டிய விமானம் எட்டு இருபத்தைந்துக்கே தரையைத் தொட்டது. கடைசிக் கடலின் மேல் காற்று அப்படித் தள்ளியிருக்கிறது! தகரக் கூரைக்குக் கீழே பெட்டிகள் வந்து இறங்கியதும், டாக்டரம்மா முதல் பெட்டியின் மூடியைத் தூக்கினார். மஞ்சள் மஞ்சளாக நூறு தலைகள் ஒரே நேரத்தில் அவரை நிமிர்ந்து பார்த்தன. "பசியில இருக்குங்க. சீக்கிரம் கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்கேல் ஒரு குஞ்சைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். டாக்டரம்மா கூடாது என்றார்.

சரக்கு வண்டியில் டிரைவர் பக்கத்தில் நான். வழியெல்லாம் பின்னாலிருந்து வந்த சத்தத்தில் டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டார். பண்ணையில் அக்கா முந்தின நாளே சூடேற்றி விளக்குகளைத் தாழ இறக்கியிருந்தாள். தரையெல்லாம் புது உமி, வரிசையாகத் தண்ணீர்த் தட்டுகள். பெட்டியைத் திறந்தாள். முதல் குஞ்சை உள்ளங்கையில் எடுத்து, அதன் அலகைத் தண்ணீரில் ஒரு தடவை தோய்த்தாள். அது தலையைத் தூக்கி விழுங்கியது. மறுபடியும் தானே குனிந்து குடித்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்தேழு மணி நேரம். என் கணக்கைவிட ஒரு மணி நேரம் முன்னால்!

முப்பது பெட்டியும் காலியாகும்வரை அக்கா நிமிரவே இல்லை. குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள். எண்ணி முடித்தோம். மூவாயிரத்தில் செத்தது பதினொன்று.

"பதினொண்ணாடீ?"

"பதினொண்ணுதான்க்கா."

"சரியா எண்ணினியா?"

"நான் கணக்குல தப்பு பண்ண மாட்டேன். போன வருஷம் தவிர."

அக்கா என் கன்னத்தில் உமி ஒட்டிய கையால் ஒரு தட்டுத் தட்டினாள். வலித்தது. ஒரு வருஷமாக நான் எதிர்பார்த்திருந்த அடி அது. அப்புறம் என் தலையைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் மூச்சு முட்டி விலகும்வரை.

அப்போது பொரிப்பகத்திலிருந்து போன் வந்தது. அவர்கள் ஊரில் நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்த மனிதரும் தூங்காமல்தான் இருந்திருக்கிறார். எத்தனை செத்தது என்று கேட்டார். அக்கா சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னாள். சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை, கொஞ்சம் வெளியே வந்து பேசுங்கள் என்று அவர் அந்தப் பக்கம் கத்தினார்.

அக்கா மூவாயிரம் குஞ்சுகளின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒன்று அவள் மடியில் ஏறியது. இன்னொன்று அவள் கால் விரலைக் கொத்தியது. போனை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, அந்த உருண்டையின் மறுபக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"வெளிய எல்லாம் வர மாட்டேன்! நீங்க சத்தமாப் பேசுங்க!"